பின்சில்லு பிடிக்கும் விதம்

"அமத்து" என்கிறான் யேசுரத்தினம், காருக்கு அடியிலிருந்து. அமத்துகிறேன். அமத்துகிறேன் என்றுதான் நினைக்கிறேன். வலது காலுக்குச் சொல்லிவிட்டேன், அது கேட்டதா என்று அறிய வேண்டுமென்றால் குனிந்து பார்க்க வேண்டும். பார்க்கிறேன். கால் பெடலின் மேல்தான் இருக்கிறது, நகம் வெட்டிய கால், நேற்று என் மனைவி நாயகி விறாந்தையில் இருந்து வெட்டிவிட்டாள், வெட்டும்போது சத்தம் மட்டும் கேட்டது. பெடல் இறங்கியிருக்கிறது. ஆகவே அமத்தியிருக்கிறேன். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தை விரலால் அழுத்தினால் விரலுக்குக் கன்னம் தெரியும், கன்னத்துக்கு விரல் தெரியாது, அப்படித்தான் இந்தக் காலும் பெடலும். "பிடி, விடாதை." பிடிக்கிறேன். கீழே ஸ்பானர் திரும்புகிறது, றப்பர் குழாய்க்குள்ளால் ஒயில் போத்தலுக்குள் இறங்கும் சின்னக் கொப்பளிப்பு கேட்கிறது. காற்று வருகிறது. ஒயிலுக்குள் காற்று இருந்தால் பெடல் மெத்தை மாதிரி அமுங்கும், பிறேக் பிடிக்காது, காற்று முழுக்க வெளியே வரும்வரை ஒருவர் மேலே இருந்து அமத்த வேண்டும், ஒருவர் கீழே கிடந்து திறந்து பூட்ட வேண்டும். இதை நானும் அவனும் எத்தனை தரம் செய்திருப்போம், அவனுடைய காருக்கும் என்னுடைய காருக்கும், எப்போதும் நான்தான் கீழே, அவன்தான் மேலே, அவனுக்கு வயிறு. இன்றைக்கு அந்த வயிற்றோடு அவன் கீழே கிடக்கிறான். "விடு." விடச் சொல்லிக் காலுக்குச் சொல்கிறேன். பெடல் மேலே வரவில்லை. இடது கையால் தொடையைப் பிடித்துத் தூக்குகிறேன், வருகிறது. உடுத்த சாரத்தைத் தூக்குவது மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான், பாரம்கூட இல்லை.

"பெடல் இறங்குதோடா?" என்கிறான். ஓம் என்கிறேன். "நிலத்திலை முட்டுதோ?" ஓம் என்கிறேன். முட்டவில்லை. முட்டவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது ஓம். தை மாதத்திலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் ஓம்தான் வருகிறது. பசிக்கிறதா, ஓம், பசிக்கவில்லையா, ஓம், மகள் சுவிஸிலிருந்து போனில் முகத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, அப்பா, நான் ஆர் எண்டு தெரியுதோ என்று ஒவ்வொரு எழுத்தாக உரத்துக் கேட்கிறாள், எனக்குக் காதில் ஒரு குறையும் இல்லை, ஓம் என்கிறேன், அவள் அழுகிறாள். தலைக்குள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படவரைஞனாக இருந்தவன், ஒழுங்கைக்கு ஒழுங்கை, வேலிக்கு வேலி இப்போதும் கண்ணுக்குள் விரிக்கலாம், யார் காணி எங்கே வளைகிறது என்று சொல்லலாம், சொல்ல முடியாது. உள்ளே முழு வசனமாக ஓடுகிறது, வாசலில் வந்ததும் யாரோ மாற்றி வைத்துவிடுகிறார்கள். பாரிசவாதம் என்று நாயகி வந்தவர்களிடம் சொன்னாள். வலது கை, வலது கால், கதை. கதை என்று, பேச்சைத்தான், கடைசியாகச் சொன்னாள். டொக்டர் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, தலையின் இடது பக்கத்தில் ஒரு இடத்தைப் பேனையால் தொட்டு, இந்த ஒரு குழாய் அடைபட்டதுதான், இதாலைதான் கை காலும் போனது, கதையும் போனது என்றார். அப்போது எனக்கு மகள் நினைவு வரவில்லை, நாயகி நினைவு வரவில்லை, கடவுளும் வரவில்லை. வந்தது என்னுடைய காரின் பின்சில்லுப் பிறேக், பின் சக்கரங்களைப் பிடிக்கிறது. ஒரே தடியில் இரண்டு வேலை, அது போனால் இரண்டும் போகும். யேசு சொன்னதுதான் சரி. முப்பது வருடமாக அவன் சொல்லி நான் மறுத்தது சரி. அதை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தக் கட்டிலில் கிடந்து நினைத்தேன், அவன் தோடம்பழப் பையோடு வந்து நின்றபோது வாயைத் திறந்தேன், ஓம் என்றேன், அவன் என்ன ஓம் என்று கேட்டான், ஓம் என்றேன்.

"அமத்து." அவனுடையது மொறிஸ் மைனர். என்னுடையது, இப்போது அவன் அடியில் கிடக்கிற இது, ஒஸ்ரின் ஏ-35. இரண்டும் எங்களுக்கு ஒரு வயது இரண்டு வயதாக இருந்தபோது சீமையிலிருந்து கப்பலில் வந்த கார்கள், எங்கள் கைக்கு வந்தபோது அவற்றுக்கு வேறு ஆட்களின் வியர்வை மணம் இருந்தது. அவன் குருநகரான், ஐஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன், நான் கொக்குவில். நாங்கள் சிநேகிதரானதே ஒரு சண்டையில், முனியப்பர் கோயிலடியில் இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டிருந்தோம், அவன் என்னுடைய காருக்கு அடியில் குனிந்து பார்த்து, உதென்ன உள்ளுக்குள்ளை தடியும் தண்டும், சைக்கிளோ என்று கேட்டான். மைனரில் பெடலை அமத்தினால் ஒயில் நாலு சில்லுக்கும் போகும், பின்சில்லு ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சிலிண்டர் ஒன்று இருக்கும், அதுவே பிறேக் ஷூவைத் தள்ளி டிரம்மோடு பிடிக்கும். கை பிறேக் தனி, அதற்கு இரண்டு கம்பிக் கயிறு, ஆளுக்கொரு சில்லு. என்னுடையதில் முன்சில்லுக்கு முழு ஒயில், பின்சில்லுக்குப் பாதி வழிதான் ஒயில். காரின் வயிற்றுக்கடியில் ஒரே ஒரு சிலிண்டர், அது ஒரு தடியை இழுக்கும், தடி பின் அச்சடியில் இரண்டாகப் பிரிந்து இந்தச் சில்லுக்கும் அந்தச் சில்லுக்கும் போகும். கை பிறேக்கும் அதே தடிகளைத்தான் இழுக்கும், தடிகளைப் பிணைப்பது பின் என்கிற சின்ன இரும்பு ஆணிகள். "ஒரு பின் கழண்டா பின்னுக்கு உனக்குக் கால் பிறேக்கும் இல்லை, கை பிறேக்கும் இல்லை, மச்சான்" என்பான். "உன்ரை சிலிண்டர் ஒழுகினா ஒயில் எங்கை போகும்? நேரை ஷூவிலை. நனைஞ்ச ஷூ பிடிக்குமோ? என்ரை ஒயில் சில்லுக்குக் கிட்டவே போகாது" என்பேன். "ஒழுகினால் எனக்கு ஒரு சில்லுத்தான் போகும்." "ஒரு சில்லுப் பிடிச்சு மற்றது பிடிக்காட்டி கார் ஒரு பக்கம் இழுக்கும். என்ரை தடி ரெண்டுக்கும் ஒரே அளவாப் பிரிச்சுக் குடுக்கும்." சோக்கட்டியால் அவன் வீட்டுச் சீமெந்து நிலம் முழுக்க இரண்டு காரின் வயிற்றையும் கீறிக் காட்டியிருக்கிறேன், அவனுடைய மனைவி உயிரோடு இருந்த காலம், பிலோமினா, அந்தப் படத்தைத் தாண்டித் தாண்டித் தேத்தண்ணி கொண்டுவருவாள், மிதிக்கமாட்டாள். பிலோமினாவின் முகம் வருகிறது. ஒன்றும் செய்யவில்லை. வருகிறது, நிற்கிறது, போகிறது. முன்பென்றால் தொண்டையில் ஏதாவது நடக்கும்.

"பிடி." பிடிக்கிறேன். பிடித்துக்கொண்டிருந்தது கை, வலது கை, நாவற்குழிப் பாலத்தில், சண்டைக்குப் பயந்து சனம் முழுக்க ஊரை விட்டுப் போன அந்த மழையில். பாலம் ஏறும் இடத்தில் சின்னச் சரிவு. முன்னுக்கும் சனம், பின்னுக்கும் சனம், காரில் சாய்ந்தபடி சனம், கண்ணாடியில் உள்ளங்கைகள். காரை நிறுத்திவிட்டுக் கை பிறேக்கை இழுத்தேன், பல்லுக் கடித்து நின்றது, ஆனாலும் நான் அதை நம்பவில்லை, கையால் பிடித்துக்கொண்டே இருந்தேன், அது இளகினால் கார் பின்னால் போகும், பின்னால் ஒரு பெண் குழந்தையைத் துவாயால் மூடிக்கொண்டு நின்றாள், கண்ணாடிக்குள் அவள் மட்டும்தான் தெரிந்தாள். நாயகி பக்கத்தில் இருந்து, கையை விடுங்கோ, பிறேக் பிடிக்கும்தானே என்றாள். யேசு சொன்ன அந்த ஒரு பின்னை நினைத்துக்கொண்டு நான் விடவில்லை. விறைத்துப்போன கையை அசைய இடம் கிடைத்தபோது நாயகி விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். அந்தப் பின் கழலவில்லை. கடைசிவரை கழலவில்லை. அதைக்கூட நான் யேசுவிடம் வாதத்துக்கு எடுத்துச் சொல்லவில்லை, ஏனென்றால் பிறேக் பிடித்தது தடியாலா என் கையாலா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு விறைத்த கை வேறு. அது ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு திரும்பி வந்தது. இந்தக் கை குத்தவே இல்லை. குத்தினால் நல்லதென்று பயிற்சி கொடுக்கிற பிள்ளை சொல்கிறாள், ஐயா ஏதாவது குத்துதோ, எரியுதோ, ஓம் என்கிறேன், அவள் சந்தோசமாக எழுதுகிறாள்.

"விடு. இவ்வளவு காணும். காத்து இல்லை இனி." இந்தக் காரை விற்கப் போகிறார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் வேறு எதற்கு? தை மாதத்திலிருந்து தகரக் கொட்டிலுக்குள் நின்றது, பூனை குட்டி போட்டது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, போன கிழமை மகள் போனில் நாயகியோடு தாழ்ந்த குரலில் கதைத்தாள், கார் என்ற சொல் கேட்டது, இந்தக் கிழமை யேசு ஸ்பானர் பெட்டியோடு வந்துவிட்டான். தேய்ந்த பின்கள் எல்லாவற்றுக்கும் புதுப் பின் போட்டான், ஷூ மாற்றினான், இப்போது காற்று எடுக்கிறான். ஓடாத காரை வாங்க மாட்டார்கள், நிற்காத காரையும் வாங்க மாட்டார்கள். யாரோ கொழும்பிலிருந்து வருவான், கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடிப்பான். கவலைப்பட்டுப் பார்க்கிறேன். விற்கப் போகிறார்கள் என்று மனதுக்குள் மெல்லமாகச் சொல்லிப் பார்க்கிறேன், பிறகு உரத்துச் சொல்லிப் பார்க்கிறேன். காலுக்குச் சொல்வதுபோலத்தான் இருக்கிறது. சொல் போகிறது, போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. ஸ்ரியறிங்கில் வெடித்த இடம் ஒன்று இருக்கிறது, இடது பெருவிரலால் அதைத் தடவுகிறேன், பெருவிரலுக்குத் தெரிகிறது, அதற்கு மேலே போகவில்லை. யேசு அடியிலிருந்து உருண்டு வருகிறான், முதுகு முழுக்க மண், யக்கு முட்டுக்கொடுத்துத் தூக்கியிருந்த காரை இறக்குகிறான், கார் ஒரு பெருமூச்சோடு தன்னுடைய காலில் நிற்கிறது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு யன்னலில் கையை ஊன்றுகிறான். "உன்ரை பின்பிறேக்கிலை காத்தெடுக்கிறதுக்கு ஒரே இடம்தான். அதொண்டு நல்லது, ஒத்துக்கொள்ளுறன். என்ரையிலை ரெண்டு சில்லுக்கும் கிடந்து உருள வேணும்." முப்பது வருடத்தில் அவன் விட்டுத்தந்த முதல் இடம். நானும் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, பெரிய ஒன்று, அவனுடைய முகத்துக்கு நேரே வைத்திருக்கிறேன், வாயைத் திறந்தால் ஓம் வரும், ஒத்துக்கொள்கிறதுக்கு ஓம் என்று அவன் எடுத்துக்கொள்வான். திறக்கவில்லை.

நாயகி படியிறங்கி வருகிறாள். கோயிலுக்குப் போகிற சேலை இல்லை, கடைக்குப் போகிற சேலை, முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறாள், தலைமயிரை இறுக்கி முடிந்திருக்கிறாள், படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு முற்றத்து மண்ணில் நடந்து வருகிறாள். "இஞ்சாருங்கோ, அந்தப் பக்கம் மாறி இருங்கோ" என்கிறாள். எந்தப் பக்கம் என்று நான் பார்க்கிறேன். யேசு என்னுடைய கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்குகிறான். "தங்கச்சி ஓட்டப் போறா" என்கிறான், மழை பெய்யப் போகிறது என்பதுபோல. ஓட்டப் போகிறாள். நாயகி. கார்க் கதவைக்கூடப் பலமாகச் சாத்தத் தெரியாதவள், நான் ஒவ்வொரு தரமும் எட்டி இழுத்துச் சாத்துவேன். "செவ்வாயும் வெள்ளியும் உங்களை உள்ளை பயிற்சிக்கு விட்டிட்டு நானென்ன வெளி வாங்கிலை குந்திக்கொண்டேயோ இருந்தனான்?" என்கிறாள், என்னைப் பார்க்காமல் என்னுடைய சாரத்தைச் சரி செய்துகொண்டு. "யேசு அண்ணை பக்கத்து வெறுங்காணியிலை தன்ரை மைனரிலை வைச்சுப் பழக்கினவர். லைசென்சும் போன கிழமை வந்திட்டுது. மகள்தான் உங்களுக்கு இப்ப சொல்லாதேங்கோ, யோசிப்பார் எண்டவள்." ஆகவே விற்கப் போகவில்லை. சந்தோசப்படப் பார்க்கிறேன், அதுவும் அதே இடத்தில்தான் போய் நிற்கிறது. காரைச் சுற்றி முன்பக்கத்தால் என்னை நடத்திக்கொண்டு போகிறார்கள், இடது கால் போகிறது, வலது கால் மண்ணில் கோடு கீறிக்கொண்டு வருகிறது, முன் மட்கார்டின் மேல் பிஸ்கற் பேணி மூடி ஒன்று, யேசு நட்டு ஆணி போட்டு வைத்த மூடி, அதற்குள் ஒன்றும் இல்லை, இல்லை, இருக்கிறது. சின்னது. வளைந்த ஒரு தலையும் இரண்டு காலும்.

தடியையும் சிலிண்டரையும் பிணைக்கிற பின்னுக்குள்ளால் குத்தி, காலை விரித்து மடக்கிவிடுகிற அந்தக் கம்பி. அது இல்லாவிட்டால் பின் நடுங்கி நடுங்கி வெளியே வரும், இன்றைக்கு வராது, முதலாவது பிறேக்கில் வராது, பத்தாவதில் வரும். கீழே போட வேண்டியது மூடியில் கிடக்கிறது. யேசு மறந்துவிட்டான். மைனர்க்காரன். அவனுக்கு இந்தத் தடிகள் பழக்கமில்லை. அவர்கள் என்னை இடது பக்க இருக்கையில் இறக்கிவிட்டார்கள், நாயகி சுற்றிக்கொண்டு போகிறாள், கதவைத் திறக்கிறாள், இருக்கிறாள், கதவைச் சாத்துகிறாள், பலமாக, நல்லாகச் சாத்துகிறாள். யேசு பின் இருக்கைக்குள் வயிற்றை நுழைக்கிறான். சொல்ல வேண்டும். அந்தக் கம்பிக்கு ஒரு பெயர் இருக்கிறது, தமிழில்லை, எல்லாரும் சொல்கிற பெயர், ஆயிரம் தரம் சொன்ன பெயர், சின்னப் பெயர், தேடுகிறேன், இருந்த இடத்தில் இல்லை, அந்த இடம் இருக்கிறது, அதைச் சுற்றிப் போகிறேன், ஊசி, ஆணி, கொக்கி, ஒன்றும் இல்லை, அவள் கார்த் திறப்பைப் போட்டுத் திருகிவிட்டாள், ஒழுங்கை முடிவில் பெரிய வீதி, பஸ், அவள் வெறுங்காலால் அமத்துவாள், அமத்துவது போய்ச் சேராது, நான் அதை அறிவேன், அமத்தியும் போய்ச் சேராததை என்னைவிட நன்றாக அறிந்தவன் யார், "மூக்குத்தி" என்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். "மூக்குத்தி! மூக்குத்தி!" அவளுடைய கை மூக்குக்குப் போகிறது, இருக்கிறது, அந்தச் சிவப்புக் கல். "இருக்கப்பா, என்ன?" ஓம். ஓம் இல்லை. இடது கையால் கதவின் பிடியை இழுக்கிறேன், நான் இறங்கினால் அவர்கள் போக மாட்டார்கள், கதவு திறக்கிறது, நான் சரிகிறேன், யேசு பின்னாலிருந்து என்னுடைய பெனியனைப் பிடித்துக்கொண்டு, "டேய், விழப் போறாய்!" என்று கத்துகிறான். "அவருக்குத் தலை சுத்துதோ தெரியேல்லை, தண்ணி கொண்டு வாங்கோ தங்கச்சி." நாயகி எஞ்சினை நிறுத்துகிறாள். தண்ணீருக்குப் போகவில்லை. என்னுடைய கண்ணைப் பார்க்கிறாள், கண் போகிற இடத்தைப் பார்க்கிறாள், இறங்கிப் போய் அந்த மூடியை எடுத்துக்கொண்டு வந்து என்னுடைய முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். "இதையோ சொல்லுறியள்?"

ஓம்.

யேசு அந்தக் கம்பியை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்க்கிறான். காரை விட்டிறங்கி, திரும்பவும் அந்த வயிற்றோடு மண்ணில் படுத்து, அடியில் போகிறான். கீழே அவனுடைய கை ஒவ்வொரு தடியாகப் பிடித்து இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. பிறகு குரல் மட்டும் வருகிறது. "எல்லாத்திலையும் இருக்கடா. எல்லாத்துக்கும் புதுசு போட்டு மடக்கியிருக்கு. அது கழட்டின பழசிலை ஒண்டு, வளையாமல் இருந்ததெண்டு வைச்சனான்." வெளியே வந்து முழங்காலைத் தட்டுகிறான். நான் பிழை. நான் பிழை என்பது விளங்குகிறது, அதற்கு வெட்கம் வர வேண்டும், வரவில்லை, அதைப்பற்றிக் கவனமும் இல்லை, ஏனென்றால் வேறொன்று வந்திருக்கிறது. நெஞ்சுக்குள் அடிக்கிறது. வாய் காய்ந்திருக்கிறது. இடது உள்ளங்கை ஈரம். பயம். கம்பி இருந்த இடத்தில் இருக்கிறது, ஆபத்து இல்லை, இருந்ததே இல்லை, ஆனாலும் பயம் போகவில்லை, அதற்குக் காரணம் தேவைப்படவில்லை, பழைய ஆள் திரும்பி வந்து வீட்டுக்குள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பதுபோல இருக்கிறது. ஐந்து மாதமாக ஒன்றும் வராத இடத்துக்கு முதலில் வந்தது இதுதான். அவளுக்கு ஏதாவது நடந்துவிடும் என்று பயந்தேன். எனக்கு என்று இல்லை. அதை உள்ளே இரண்டு தரம் சொல்லிப் பார்க்கிறேன், இரண்டு தரமும் போய்ச் சேருகிறது. "பாத்தது நல்லது" என்கிறான் யேசு, சிரிக்காமல். நாயகி அந்த மூடியைக் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்துகிறாள். "தண்ணி வேண்டாம் அவருக்கு" என்கிறாள் அவனிடம். "பிறேக் பின்னைப் பாக்கச் சொன்னவர். நீங்கள்தான் விளங்காமல் நிண்டனீங்கள்."

யேசு பின்னால் ஏறிக்கொள்ள, காரை ஓட்டுகிறாள். கார் இரண்டு தரம் துள்ளுகிறது, மூன்றாம் தரம் ஒழுங்காகப் போகிறது. வாசல் படலையைக் கடக்கும்போது மூச்சைப் பிடிக்கிறாள், கடந்ததும் விடுகிறாள். இந்தப் பக்கத்திலிருந்து நான் இந்தக் காரைப் பார்த்ததே இல்லை. அவளுடைய இடம் இது, முப்பத்திரண்டு வருடம் அவள் இருந்த இடம், இங்கிருந்து பார்த்தால் மதில்கள் எவ்வளவு கிட்ட வருகின்றன, கிளுவை வேலி கண்ணாடியில் உரசுமா உரசாதா என்று ஒவ்வொரு தரமும் அவள் தோளை உள்ளே இழுத்திருப்பாள், நான் கவனித்ததில்லை. என்னுடைய தோள் உள்ளே போகிறது. வாசிகசாலையடியில் ஆடு ஒன்று மதிலால் குதித்து ஒழுங்கைக்கு நடுவே வருகிறது. அவள் அமத்துகிறாள். கார் நிற்கிறது. கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது, ஆனால் நேராக நிற்கிறது, இந்தப் பக்கமும் இழுக்கவில்லை, அந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஆடு எங்களைப் பார்த்துவிட்டு ஆறுதலாக, அவசரமில்லாமல் போகிறது. யேசு இரண்டு இருக்கைக்கும் நடுவில் தலையை நீட்டுகிறான், அவனுடைய மூச்சு என்னுடைய காதில் படுகிறது. "தங்கச்சி, ரெண்டையும் ஓட்டினது இந்த உலகத்திலை நீங்கள் ஒராள்தான். அவன் என்ரை காரைத் தொடமாட்டான், நான் அவன்ரையைத் தொடமாட்டன். இண்டைக்குச் சொல்லுங்கோ. எது பிறேக்?" நாயகி யோசிக்கிறாள். உண்மையாகவே யோசிக்கிறாள், கால் இன்னமும் பெடலில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் தூக்கித் திரும்ப அமத்திப் பார்க்கிறாள். "மைனர் கால் வைச்ச உடனை பிடிக்கும். கோவக்காரர் மாதிரி. எனக்கு முதல் நாள் நெத்தி கண்ணாடியிலை முட்டினது. இது கால் வைச்சால் கொஞ்சம் யோசிச்சிட்டுப் பிடிக்குது." "அப்ப மைனர்தானே?" "பிடிக்கும் எண்டு தெரிஞ்சால், யோசிச்சால் என்ன? எனக்கு இது காணும்." யேசு பின்னால் சாய்கிறான், ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது. "ரெண்டு பேரும் ஒரே வீடு" என்கிறான். நான் கட்டிலில் கிடந்து அவனுக்கு விட்டுக்கொடுத்ததை அவள் இப்போது திரும்ப எடுத்துவிட்டாள், அது அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. வாயின் இடது பக்கம் இழுபடுகிறது. சிரிப்பாக இருக்கலாம். கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும், கண்ணாடி அவளுடைய பக்கம் திரும்பியிருக்கிறது.

ஒழுங்கை முடிகிறது. பெரிய வீதியோடு இது நேராகச் சேரவில்லை, சரிந்து சேர்கிறது, அந்தச் சரிவை நானே ஒரு காலத்தில் கீறியிருக்கிறேன், தாளில் பார்த்தால் அழகான கூர்க்கோணம், காரில் இருந்தால் சனியன், இடது பக்கம் வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பை முறுக்கித் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும், அங்கே நான் இருக்கிறேன். அவள் நிறுத்துகிறாள். வலது பக்கம் பார்க்கிறாள், ஒன்றும் இல்லை. இடது பக்கம் எட்டிப் பார்க்கிறாள், முன்னால் குனிகிறாள், பின்னால் சாய்கிறாள், என்னுடைய தலையும் கதவுத் தூணும் மறைக்கின்றன. யேசுவின் பக்கக் கண்ணாடியை அடைத்துக்கொண்டு அவனுடைய ஸ்பானர் பெட்டி. "இஞ்சாருங்கோ" என்கிறாள். "இடப்பக்கம் ஏதும் வருதோ?" பார்க்கிறேன். பஸ் வருகிறது, சிவப்பு பஸ், வாசலில் ஆள் தொங்க வருகிறது. ஓம் என்கிறேன். சரியான ஓம். அவள் நிற்கிறாள், பஸ் நடுவீதியால் எங்களுடைய மூக்கை உரசுவதுபோலப் போகிறது, தூசி, டீசல் மணம், கார் அதன் காற்றில் ஆடுகிறது. "இப்ப?" பார்க்கிறேன். வீதி வெறுமையாகக் கிடக்கிறது. தூரத்தில் ஒரு சைக்கிள், அது வர நேரமிருக்கிறது. இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை. அந்தச் சொல் எனக்கு வராது, வந்தால் ஓம் வரும், ஓம் வந்தால் அவள் நிற்பாள், இந்த வீதி வெறுமையாகவே கிடக்க நாங்கள் இங்கேயே நிற்போம், பின்னால் ஒரு முச்சக்கர வண்டி வந்து நிற்கிறது, கோன் அடிக்கிறான், யேசு, ஒண்டும் இல்லைப்போலை இருக்கு தங்கச்சி, எடுங்கோ என்று சொல்லப் போகிறான், மூச்சை எடுக்கும் சத்தம் கேட்கிறது, நாயகி ஒரு கையைத் தூக்கி அவனை மறிக்கிறாள். அவனைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள். ஸ்ரியறிங்கில் இரண்டு கையும், முகம் நேரே, கண் என்னில் இல்லை, காது மட்டும் என்னில். இல்லை என்ற சொல்லைத் தேடிக்கொண்டு போகாமல் திரும்புகிறேன். அது இல்லாமலும் இதைச் சொல்லலாம். வேறு ஆட்களின் காரில் இந்தப் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, அவர்கள் ஓட்டும்போது நான் சொல்கிற சொல் ஒன்று இருந்தது. வாயைத் திறக்கிறேன். முதல் எழுத்து வருவதற்கு முன் அது எது என்று எனக்குத் தெரியவில்லை.

"எடும்" என்கிறேன்.

எடு இல்லை, எடும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளோடு கதைக்கிற மரியாதையோடு, வாலும் குறையாமல் முழுதாக வருகிறது. பின்னால் யேசு எடுத்த மூச்சை விடவில்லை. நாயகி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, இடது பக்கமும் இன்னொரு தரம் எட்டிப் பார்க்கவில்லை. வெறுங்காலைப் பெடலிலிருந்து தூக்கிவிட்டு, காரைப் பெரிய வீதிக்கு எடுக்கிறாள்.